நிலாவெளியில் சொன்ன நெஞ்சுவலி

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் வந்துகொண்டே இருந்தது. ஹைதராபாத் போலாரத்தில் எங்கள் அபார்ட்மென்டில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் போதும் — சாயங்காலமானால் ஒவ்வொரு வீடாக வந்து பெல் அடிக்கும். ஒரு பை ஆப்பிள், அரை மணி நேரம் விசாரிப்பு. ஃபிரிட்ஜில் கீரை வைக்க இடமில்லை.

வருகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான், "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்று தெலுங்கில் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுகிறார். கடற்கரை, வெயில், மணல், ஆம்புலன்ஸ்... எல்லாம் வரிசையாக வரும். நடுவில் ஒரு வரி தவறாமல் வரும். "சடன்கா வச்சேசிந்தி." அதாவது, திடீரென்று வந்துவிட்டதாம். வந்தவர்கள் 'த்சு' கொட்டுவார்கள். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து என் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சில வாரங்களாக இந்தப் பத்தியைக் காணோமே, என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்களுக்கும் இதுதான் பதில். இலங்கைக்கு டூர் போன இடத்தில் எனக்கு மாரடைப்பு. சின்னதுதான் என்றார்கள். சின்னதோ பெரிசோ, வந்தவளுக்குத்தானே தெரியும்? இப்போது நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். அலுப்பாகவும் இருக்கிறேன்.

ஆனால் அந்த 'திடீர்' இருக்கிறதே... அதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அவரைத் திட்டி எழுதுவீர்கள், அதற்கும் நான்தான் பதில் போட வேண்டும். பெயர் ராகவன். தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில். பிறகு ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் வேலை. ரிடையர் ஆகும்வரை கம்பெனி பஸ். தெலுங்கு, ஹிந்தி, தக்கனி உருது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுத் தமிழிலேயே ஆமாமுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' எல்லாம் வந்து விழும்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி ஹைதராபாத் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தெலுங்கு போவன்பள்ளி மார்க்கெட்டோடு நின்றுவிட்டது. வெண்டைக்காய் முற்றலா, தக்காளி என்ன விலை, நிறுவை சரியா... இதற்கெல்லாம் சரளமாக வரும். சண்டைகூடப் போடுவேன். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. இங்கிலீஷ் வாசிப்பேன், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் கல்யாணமான முதல் வருஷமே ஒரு ஏற்பாடு உண்டாகிவிட்டது. வெயிட்டிங் ஹாலில் என் உடம்புக்கு என்னவென்று அவரிடம் தமிழில் சொல்வேன். உள்ளே போய் அவர் டாக்டரிடம் தெலுங்கில் சொல்வார். டாக்டர் அவரிடம் பதில் சொல்வார். வெளியே வந்து அவர் எனக்குச் சொல்வார். நான் உள்ளே செய்ய வேண்டியதெல்லாம் நாக்கை நீட்டுவதும் மூச்சை இழுத்து விடுவதும்தான்.

இது மொழி தெரியாததால் மட்டும் வந்த வினையா என்றால், இல்லை. நம் வீடுகளில் யார்தான் தன் வியாதியைத் தானே சொல்கிறார்கள்? அப்பாவுக்கு மகன் சொல்வான். மருமகளுக்கு மாமியார் சொல்வார். காலேஜ் படிக்கிற பையனுக்கு அம்மா சொல்வாள் — "டாக்டர், இவன் தண்ணியே குடிக்கிறதில்ல." நோயாளி மட்டும் கல்யாண வீட்டுப் பரிசுப்பொருள் மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பார்.

சரி, எங்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்றால், வலிக்கு எங்கள் ஊரில் ஏகப்பட்ட பேர் உண்டு. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. பிசைவது, இழுப்பது, அடைப்பது, படபடப்பது... ஒவ்வொன்றுக்கும் ஒரு கஷாயம். நான் இத்தனையும் விலாவாரியாகச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். உள்ளே போனதும் எல்லாம் ஒரே வார்த்தையாகிவிடும். "கொஞ்செம் நொப்பி, டாக்டர்காரு." கொஞ்சம் வலியாம். முப்பது வருஷமாக எனக்கு எங்கே என்ன வந்தாலும் கொஞ்சம் நொப்பிதான்.

இந்த வருஷம் கோடை தொடங்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆக ஆரம்பித்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. இரண்டாவது மாடி வருவதற்குள் நெஞ்சில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்தும். நின்றால் குறையும். நடந்தால் திரும்ப வரும். யாராவது மேலேயிருந்து இறங்கி வந்தால் செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். ஒருநாள் போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரம்மா தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. எங்கள் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வெயிட்டிங் ஹாலில் பாறாங்கல், மாடிப்படி, நின்றால் குறைவது எல்லாம் சொன்னேன். உள்ளே போய் அவர் சொன்னது, சாப்பிட்ட பிறகு நெஞ்சு அடைக்கிறதாம், கேஸ் போல இருக்கிறதாம். டாக்டர் கேஸுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தன் காதுக்கு வந்ததற்கு டாக்டர் மருந்து கொடுத்தார். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன்.

குறுக்கே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு அலுப்பாக இருந்தது... அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் ஸ்ருதி டிக்கெட் போட்டாள். ஐடி கம்பெனியில் வேலை. நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். அம்மாவும் அப்பாவும் வெளிநாட்டில் ஒரு கடற்கரையையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கொழும்பு வரை விமானம், அங்கிருந்து வேனில் திருகோணமலை, அதற்குப் பக்கத்தில் நிலாவெளி. கடலைப் பார்த்தபடி ஹோட்டல்.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் சுகாதார மந்திரி ஆகிவிட்டார். வயிற்றுப்போக்குக்கு, வாந்திக்கு, காய்ச்சலுக்கு, கொசுவுக்கு, வெயிலுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் பாதியைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். போன இடத்திலும் சட்டதிட்டம் தூள் பறந்தது. குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கக் கூடாது. ஐஸ் நக்கோ. வெட்டி வைத்த பழம் நக்கோ. இறால் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. தொப்பி இல்லாமல் மணலில் கால் வைக்கக் கூடாது. எல்லாம் சரியான யோசனைதான், மறுக்கவில்லை. வெளியூர் போனால் வயிறுதான் காலை வாரும் என்பது அவர் கட்சி. வயிற்றுக்கு மேலேயும் ஒரு உடம்பு இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை. ஹோட்டலில் தேங்காய்ப்பாலில் குழைத்த பால்சோறும், வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டைச் சம்பலும் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் நடக்கலாம் என்று ஸ்ருதி இழுத்தாள். மணலில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு உள்ளே போகும். கொஞ்ச தூரத்திலேயே பாறாங்கல் வந்துவிட்டது. இந்த முறை நின்றும் குறையவில்லை. இடது தோள், தாடை வரைக்கும் கடுத்தது. கரையில் இழுத்துப் போட்டிருந்த படகு நிழலில் உட்கார்ந்தேன். காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு வேர்த்து ஊற்றுகிறது.

அவர் ஓடி வந்தார். பார்த்தார். பால்சோறு என்றார். தோள்பையைத் திறந்து கேஸ் மாத்திரை கொடுத்தார். சோடா வாங்க ஹோட்டலுக்கு ஓடினார். நல்லவேளையாக ஹோட்டல் மேனேஜர் அவரோடு கூடவே வந்தார். ஐம்பது வயதுக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் சோடா பாட்டிலைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"நெஞ்சு நோவெண்டா விளையாடக் கூடாது ஐயா. உடனே டொக்டரிட்டக் கொண்டு போங்கோ."

அவரே ஆட்டோ கூப்பிட்டு ஏற்றிவிட்டார். பக்கத்திலேயே ஒரு சின்னக் கிளினிக். வாசல் போர்டில் தமிழும் இருந்தது. எனக்கு அது அப்போது மனதில் பதியவில்லை.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார் — என் மனைவிக்கு கேஸ்ட்ரிக் ப்ராப்ளம், காலையில் கொஞ்சம் ஹெவியாகச் சாப்பிட்டுவிட்டாள், மாத்திரை கொடுத்திருக்கிறேன். டாக்டர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தபடியே எல்லாம் கேட்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு டாக்டர் என்னிடம், தமிழில், எனக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறார்! பழக்கதோஷம், நான் திரும்பி வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பழக்கதோஷத்தில் இந்த முறை தமிழில் ஆரம்பித்தார். "அவளுக்கு என்னன்னா டாக்டர்..."

டாக்டர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நோவு அவவுக்குத்தானே ஐயா? அவவே சொல்லட்டும்."

சொன்னேன். பாறாங்கல்லைச் சொன்னேன். மாடிப்படியைச் சொன்னேன். தாடைக் கடுப்பு, தோள்பட்டை உளைச்சல், கை வெலவெலத்துப் போவது, விடியற்காலையில் எழும்போது ஒரு படபடப்பு... என் ஊர் வார்த்தைகள் எல்லாம் அப்படியே வந்தன. அந்தம்மா ஒன்றைக்கூட 'கொஞ்சம் வலி' ஆக்கவில்லை. நடந்தால் கூடுதா, நின்றால் குறையுதா என்று கேட்டுக்கொண்டே இசிஜி ஒயர்களை ஒட்டச் சொல்லி நர்ஸுக்குக் கையைக் காட்டினார். எவ்வளவு காலமாக என்று கேட்டார்.

"மூணு மாசமா" என்றேன்.

வீட்டுக்காரர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது. ஸ்ருதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைக்கு சொல்லலே பானு நீ என்கிட்ட?" என்றார். கைக்கு என்றால் ஏன். பதறினால் அவருக்குத் தக்கனி வந்துவிடும்.

"சொன்னேங்க. நீங்க கேஸ்னு சொன்னீங்க."

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நடந்தது அதுதான். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பும் இல்லை.

இசிஜி காகிதத்தைப் பார்த்த டாக்டர், ஒரு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இது நெஞ்சுக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் ஆபத்து என்று எனக்குத்தான் சொன்னார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஊரிலேயே செத்துப்போவேன், ஸ்ருதி தனியாக எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்று சொல்லட்டுமா? அத்தனை பயத்திலும் ஒரு சின்ன நிம்மதி. கேஸ் இல்லை. நான் சொன்னது பொய் இல்லை.

நிலாவெளிக் கடலை நான் ஒழுங்காகப் பார்த்தது ஆம்புலன்ஸ் கண்ணாடி வழியாகத்தான். நீலமாக, அழகாகத்தான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. ஆண்களுக்குப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் அனுமதி. ஆக, எனக்குப் பதிலாகப் பேச ஆளில்லை. யார் வந்து கேட்டாலும் நானேதான் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் தடுமாறினேன். ஒரு நாள் போனதும் என்னைப் பிடிக்க முடியவில்லை. நெஞ்சில் தொடங்கி முழங்கால், குதிகால், பழைய இடுப்புப் பிடிப்பு, ஸ்ருதி பிறந்தபோது வந்த முதுகுவலி வரை போய்விட்டேன். முப்பது வருஷ பாக்கி அல்லவா? ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இண்டைக்கு நெஞ்சை மட்டும் பாப்பம்" என்றார். பக்கத்துக் கட்டில் பெண்மணி சிரித்தார்.

பார்வையாளர் நேரத்தில் அவர் வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து என் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரிப்பார். டாக்டர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். இத்தனை வருஷமாக நான் வெயிட்டிங் ஹாலில் எப்படிக் காத்திருந்தேனோ அப்படி அவர் வராந்தாவில் காத்திருந்தார் என்று ஸ்ருதி சொன்னாள். மனிதர் சரியாகச் சாப்பிடவில்லையாம். எனக்குக் கோபம் போய்விட்டது. பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் செய்யலாம் என்று அங்கே சொன்ன பிறகு ஹைதராபாத் வந்தோம். இங்கே ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்ருதி கிளம்புமுன்பே டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருந்தாள்; அந்தப் புத்தி அவளுக்கு இருந்தது. நீங்களும் கடற்கரை பார்க்கக் கிளம்பினால் அதை மறக்காதீர்கள். தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று போன அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதோடு, கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பெண்மணி மாடிப்படியில் எங்கே நின்று செருப்பு வாரைச் சரி செய்கிறாள் என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது புரிகிறதா, 'திடீர்' என்றால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று? எனக்கு எதுவும் திடீரென்று வரவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குத் திடீரென்று தெரிந்தது.

முந்தாநாள் இங்கே ரெவ்யூவுக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, தெலுங்கு டாக்டர், ஏசி ரூம். கோப்பைப் பார்த்துக்கொண்டே, "எலா உந்தம்மா?" என்றார். எப்படி இருக்கிறது என்கிறார். பக்கத்தில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. நான் அவர் கை மேல் என் கையை வைத்தேன்.

"நேனே செப்தானு" என்றேன். நானே சொல்கிறேன் என்று அர்த்தம். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

பிறகு ஆரம்பித்தேன் பாருங்கள், போவன்பள்ளி தெலுங்கு! பாரத்துக்கு என்ன வார்த்தை என்று யோசித்தேன். 'பருவு.' தராசில் காய் நிறுத்து நிறுத்து எனக்கு அத்துப்படியான வார்த்தை. முன்பு மாடி ஏறினால் நெஞ்சு மேல் பருவு, இப்போது பருவு இல்லை என்றேன். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்கு வார்த்தை தெரியவில்லை. விரலால் சுற்றிக் காட்டினேன். ஒரு இடத்தில் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேனாவை எடுத்துக்கொண்டார். படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தார். ஒரு மாத்திரை அதிகமாக இருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது, பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் அந்த ரூமில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உன் தெலுங்கு ரொம்ப மோசம் பானு. அவர் முன்னாடி மானமே போச்சு."

"மோசம்தாங்க. ஆனா நெஞ்சு என்னோடது."